இன்னும் பதியாத ஒருத்தி

காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனில் ஓர் இசை போடுவார்கள். கொழும்பிலிருந்த அந்தப் பல்கலைக்கழக அனுமதிக் கந்தோரின் இசையை நான் இன்றைக்கும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை முணுமுணுப்பேன். ஊரில் ஒரு வங்கியிலும் அதே இசையைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏதாவது அலுவலாக அங்கே போன் எடுத்தால், அது தொடங்கியதுமே போனை வைத்துவிடுவேன். பிறகு அம்மாதான் நேரில் போய் அலுவலைப் பார்த்துக்கொண்டு வருவார்.

உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். அது என் மூன்றாவது தடவை. மருத்துவ பீடத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடங்கள் முடிகிற புள்ளிதான் வெட்டுப்புள்ளி. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியும் என் புள்ளியும் தசமத்துக்குப் பிறகு மூன்று இடம் ஒன்றாகவே வந்து நாலாவது இடத்தில் பிரிந்துபோயின. நான் கீழே நின்றுவிட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், தூரத்தில் தவறியவர்களை யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். கிட்ட வந்து தவறியவளுக்கு ஆறுதல் சொல்ல மட்டும் எங்கள் ஊர் கல்லடி முழுக்க வந்தது. வந்தவர்களெல்லாம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டிப் பிடித்து, "இவ்வளவுதானே புள்ள!" என்றார்கள். அந்த இரண்டு விரலையும் பிடித்து நெரிக்கவேண்டும்போல் இருக்கும். சிரித்துக்கொண்டு பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பேன்.

அப்பாவுக்கு வேலை பாசிக்குடாவில், ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில். அங்கே அவரை 'டொக்டரிட அப்பா' என்றுதான் பகிடி பண்ணுவார்களாம். முடிவு வந்தபிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அந்த மாதம் லீவு கிடைத்தும் அவர் வீட்டுக்கு வரவில்லை.

எடுபட்டவர்களில் யாராவது பதியாமல் விட்டால் அடுத்த புள்ளிக்காரரைக் கூப்பிடுவார்கள் என்று ரியூசன் சேர் சொன்னார். எங்கள் மாவட்டத்தில் அடுத்த புள்ளி என்னுடையது. அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. சிங்களத்தில் கேட்கவேண்டிய நாலு வசனத்தைக் கலண்டரின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில், எங்கள் வளவில் சிக்னல் ஒழுங்காக வருகிற ஒரே இடத்தில் நின்று, தினமும் போன் எடுத்தேன். எடுக்கிறவர் "பொட்டக் இன்ன" என்பார். கொஞ்சம் பொறுக்கட்டாம். அந்தக் கொஞ்சத்துக்குள் அம்மா சோறு வடித்து, சுண்டலுக்குக் கீரையும் அரிந்துவிடுவார். பிறகு இணைப்பு அறுந்துபோகும்.

எப்போது எடுத்தால் பதில் வரும் என்று பழகப் பழகத் தெரிந்துவிட்டது. காலையில் எடுத்துப் பலனில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவர்கள் கதிரைக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்து எடுக்கவேண்டும். அப்படி எடுத்த ஒருநாள்தான் தமிழ் கதைக்கிற ஒரு மிஸ் அகப்பட்டார். வயதான குரல். கொழும்புத் தமிழ். "சொல்லுங்க மகள்" என்றார். எத்தனையோ நாளாகச் சிங்களத்தில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த எனக்கு அதைக் கேட்டதும் அந்த நாலு வசனமும் மறந்துபோயின. அதன்பிறகு அவர் தந்த நேரடி இலக்கத்துக்கே எடுப்பேன். என் குரல் கேட்டதும், நான் வாய் திறக்குமுன் என் பரீட்சைச் சுட்டிலக்கத்தை அவரே சொல்லுவார். ஒருநாள்கூட எரிந்து விழவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் சொன்னார்: "உங்க மாவட்டத்தில இன்னும் ஒரு ஆள் பதியல்ல மகள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி. அதுக்குள்ள பதியல்லன்னா அடுத்தது உங்க பேர்தான் இருக்கு. நான் உறுதியா சொல்ல ஏலாது, சரியா? சும்மா மனசில வச்சிக்கிடுங்க."

எடுபட்ட எல்லாருக்கும் கடைசித் திகதியைக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருக்கிறார்களாம். பார்த்தும் ஒருவர் பதியாமல் இருக்கிறார் என்றால் காரணம் இருக்கத்தானே வேண்டும்? நானும் அம்மாவும் குசினிக்குள் இருந்து அந்தக் காரணத்தை யோசித்தோம். "வெளிநாடு போயிரிப்பாங்க மகள், பணக்கார வீட்டுப் புள்ளயா இரிக்கும்" என்றார் அம்மா. எனக்கும் அது பிடித்துப்போனது. முகம் தெரியாத அந்த ஆளுக்கு லண்டன் விசா சீக்கிரம் கிடைக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். தேங்காயும் நேர்ந்தேன். இன்னொருவர் நன்றாக இருக்கவேண்டும் என்று நான் அவ்வளவு உருகிக் கும்பிட்டது அந்த ஒரு தரம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டூருக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ரியூசனில் கடைசி மூன்று வருடமும் எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் தகப்பன். வயல் வட்டைக்குள் வேளாண்மைக் காவலுக்குப் போன இடத்தில் யானை அடித்துவிட்டது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு வேலைநாள், கந்தோர் திறந்திருந்தது. அம்மாவிடம் தலையிடி என்றேன். "எட்டுச் சடங்குக்காவது போகாட்டி அந்தப் புள்ளயிட முகத்தில எப்பிடி முழிக்கிற?" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனார்.

களுவாஞ்சிக்குடிக்கு பஸ், அங்கிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ. துறையிலிருந்து வாவியைக் கடக்கிற மோட்டார் மிதவைத் தட்டுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். மோட்டார் சைக்கிள்களுக்கும் நெல் மூட்டைகளுக்கும் நடுவே நின்று அக்கரைக்குப் போனோம்.

அவள் நன்றாக மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அழுது முடித்திருந்தாள்போல. மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, "எனக்கு மெடிசின் எடுபட்டுட்டுகா. வெட்டுப்புள்ளிக்குச் சரியா மேல நிக்கிறன். அப்பாக்குச் சொல்லி மூணாம் நாள்..." என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. சந்தோசம் என்றுகூடச் சொன்னேன். பிறகு, பதிந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லகா. அம்மா விடுறா இல்ல. செத்தவீட்டுத் துடக்கோட ஒரு நல்ல காரியத்துக்குக் கையெழுத்து வைக்கப்படாதாம். முப்பத்தொண்டு முடியட்டும் எண்டுறா. நானும் பேசாம இரிக்கன், அம்மா இரிக்கிற கோலத்தில என்னத்தச் சொல்ற? எப்பிடியும் ஒரு மாசம் தருவாங்கதானே?"

செய்தி ஏதும் வரவில்லையா என்று கேட்டேன். விண்ணப்பத்தில் தகப்பனின் போன் இலக்கத்தைக் கொடுத்திருந்தாளாம். அவர் இடுப்பிலிருந்து எடுத்த போனை நிற்பாட்டி, சாரனோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாதாம்.

"நீதானே கந்தோரோட கதைக்கிற எண்டு சேர் சொன்னார். ஒருக்காக் கேட்டுச் சொல்லுகா, எப்ப கடைசி எண்டு" என்று தன் மாமியின் போன் இலக்கத்தை என் போனில் அவளே பதிந்து தந்தாள். "உனக்கும் வெற்றிடம் வரும்கா. ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்."

நான், "கேட்டுச் சொல்றன்" என்றேன்.

எனக்குக் கேட்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை என்று வாய்க்குள்ளேயே இருந்தது. ஒரு சொல். அதைச் சொல்லாமல் திரும்பி வந்தேன். மண்டூர்க் கோயிலில் பூசை செய்கிறவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். கோயில் வாசலைத் தாண்டும்போது அம்மா நின்று கும்பிட்டார். நான் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பாதையில் திரும்பி வரும்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. லண்டன் விசாவும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் போய், அந்த இடத்தில் அவள் வந்து நின்றாள். அம்மா பக்கத்தில், "புள்ள நல்லா வாறதப் பார்க்க அந்த மனிசனுக்குக் குடுத்து வைக்கல்ல" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். வீட்டுக்கு வந்ததும் செத்தவீட்டுத் தீட்டுப் போகக் கிணற்றடியில் தலையோடு ஊற்றிக்கொண்டோம். நான் போன் எடுக்கிற அதே வாழையடிதான்.

எனக்கு நானே சட்டத்தரணியாக நின்று வாதாடிய நாட்கள் அவை. துடக்கு அவர்களுடைய நம்பிக்கை, அதில் நான் ஏன் தலையிடவேண்டும்? கடைசித் திகதி வலைத்தளத்தில் எல்லாரும் பார்க்கத்தானே இருக்கிறது? அவளுக்கு இது இரண்டாந்தரம், இன்னொரு தரம் இருக்கிறது. எனக்கு இல்லை. இந்தக் கடைசி நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் அவள் அடுத்த வருடம் இன்னும் நல்ல புள்ளியோடு போவாள் என்றும், நான் செய்வது அவளுக்கு ஒரு விதத்தில் நன்மைதான் என்றும் நம்புகிற அளவுக்கு வந்துவிட்டேன். மனிதருக்கு வெட்கம் கெட்டால் புத்தி எவ்வளவு வேகமாக வேலைசெய்கிறது!

புதன்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் போன் எடுத்தேன். மிஸ் உடனே எடுத்தார்.

"மகள், நல்ல நேரம் எடுத்தீங்க. அந்தப் பதியாத பிள்ளை இருக்கு தானே, நாங்க எத்தனை தரம் எடுத்தும் போன் வேலை செய்யல்ல. எனக்கு மனசு கேக்கல்ல. மண்டூர் அட்ரஸ் ஒண்ணு." பெயரையும் சொன்னார். "உங்க பக்கம் தானே, உங்க வயசுதான். உங்களுக்குத் தெரியுமா? வேற நம்பர் ஏதும் இருக்கா?"

சட்டப்படி அவர் அதை என்னிடம் கேட்டிருக்கக்கூடாது. இரக்கத்தில் கேட்டார். அந்த இடத்துக்காகவே என்னைப் போல ஒருத்தி தினமும் எடுக்கும்போது, அடுத்த இடத்துக்காரியிடமே கேட்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். என்னை நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

இலக்கம் என் காதோடு ஒட்டியிருந்த போனுக்குள்ளேயே இருந்தது.

"தெரியாது மிஸ்" என்றேன். "மண்டூர் எங்களுக்குத் தூரம்."

"சரி மகள். அப்ப என்ன செய்ய" என்று பெருமூச்சு விட்டார். வைத்த பிறகு கொஞ்ச நேரம் வாழை இலையைக் கிழித்துக்கொண்டு நின்றேன். அம்மா குசினி வாசலிலிருந்து, "என்னவாம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

வியாழக்கிழமை மாமியின் இலக்கத்துக்கு ஒரு செய்தி எழுதினேன். 'நாளைக்குத்தான் கடைசி. உடனே பதி.' அவ்வளவுதான் செய்தி. எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்துவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோர் மூடுகிற நேரம்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நேரம் தாண்டியதும் அழுதேன். எதற்காக என்று அப்போது கேட்டிருந்தால், சந்தோசத்தில் என்று சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் முழுக்கக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். நான் எடுக்கவில்லை, வெட்கமோ பயமோ ஒன்று. அப்பா பாசிக்குடாவிலிருந்து தினமும் எடுத்து, "வந்திட்டா மனே?" என்பார். அவருடைய குரலில் பழைய உசார் திரும்பியிருந்தது. ஒரு வெள்ளைக்காரி விட்டுப்போன நல்ல சூட்கேஸ் ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் நானே கந்தோருக்கு எடுத்தேன்.

மிஸ்ஸின் குரல் அன்றைக்குத் தாழ்ந்திருந்தது. "மகள், மனசத் தளர விடாதீங்க. விடைத்தாள் மீள்திருத்த முடிவு வந்திச்சு. உங்க மாவட்டத்தில ஒரு ஆளுக்குப் புள்ளி கூடியிருக்கு. உங்களுக்கு மேல வந்திட்டாங்க. அந்த வெற்றிடம் அவங்களுக்குப் போயிட்டு. இனி வேற வெற்றிடம் இல்ல."

நன்றி மிஸ் என்றேன். பழக்கத்தில் வந்த சொல். போனை வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்தேன். எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. இருந்த ஓர் இடத்தை அவளிடமிருந்து பறித்து, யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். அவளைக் கெடுத்து நானாவது வாழ்ந்திருந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கும். இதற்குப் பெயர்கூட இல்லை. அன்றைக்கு அப்பா எடுத்தபோது அம்மாதான் கதைத்தார். சூட்கேஸைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

முப்பத்தொன்று முடிந்த மூன்றாம் நாள் அவள் வந்தாள். முதல் பாதையிலேயே புறப்பட்டிருக்கவேண்டும், காலையிலேயே எங்கள் வாசல் படலையில் நின்றாள். சான்றிதழ்கள் போட்ட பிளாஸ்டிக் கோவையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். அலுமாரியைத் திறந்து தகப்பனின் போனைப் போட்டதும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தனவாம். கடைசித் திகதியைப் பார்த்துவிட்டுத் தாய் தலையில் அடித்துக்கொண்டு கிடக்கிறாராம்.

"மேன்முறையீடு செய்யலாமாம்கா. மரணச் சான்றிதழும் எடுத்துத்தான் வந்திரிக்கன். எனக்கு அந்த ஆக்களோட கதைக்கத் தெரியாது. நீ ஒருக்காக் கதைச்சுத் தாவன்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. "உனக்கும் அப்ப தெரிஞ்சிரிக்காது" என்று அவளே எனக்காகச் சொல்லி முடித்துவிட்டாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த நேரத்தில் எந்தச் சாக்குச் சொல்லியும் தப்பியிருக்கலாம். தலையிடி என்று சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் கதைத்துக் கொடுத்தால் செய்தது கொஞ்சமாவது கழுவுபடும் என்று நினைத்தேன். மத்தியானம்வரை அவளை இருத்தி, சோறு கொடுத்து, நேரம் பார்த்து வாழையடிக்குக் கூட்டிப்போனேன். "ஸ்பீக்கரில போடுகா, நானும் கேக்கிறன்" என்றாள். போட்டேன்.

அந்த இசை வந்தது. அவள் எனக்கு முகத்துக்கு நேரே, ஒரு கையில் கோவையும் ஒரு கையில் பேனையுமாக நின்றாள்.

"சொல்லுங்க மகள்."

என் அலுவலாக எடுக்கவில்லை, சிநேகிதி ஒருத்திக்கு, தகப்பன் இறந்ததால் பதிய முடியாமல் போய்விட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவளுடைய பெயரையும் இலக்கத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் தாள் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இந்தப் பிள்ளையா?" என்றார் மிஸ். கோபமாகச் சொல்லவில்லை, விளங்காமல்தான் கேட்டார். "அன்னைக்கு நான் இவங்களத்தானே கேட்டேன் மகள்? நீங்க தெரியாதுன்னு சொன்னீங்களே."

போனை நிற்பாட்ட எனக்குக் கை வரவில்லை. அவள் பேனை பிடித்த கையால் என் போனைக் காட்டி, மிக மெதுவாக, "எண்டைக்குகா?" என்றாள்.

"புதன்கிழமை."

அவள் யோசித்தாள். கணக்கில் பிழை விடாத பிள்ளை, என்றாலும் விரல் மடித்து எண்ணினாள்.

"ரெண்டு நாள் இரிந்திரிக்கு" என்றாள்.

"ஹலோ, மகள்? இருக்கீங்களா?" என்று மிஸ் கூப்பிட்டார். அவள் என் கையிலிருந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரை நிற்பாட்டினாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அதுவரை எந்தக் கந்தோரோடும் கதைத்தறியாதவள், "மிஸ், நான்தான் அந்தப் புள்ள கதைக்கிறன்" என்றாள்.